சுவரைத் திறந்தது யார்? 1989 நவம்பர் 9 இரவு பற்றி ஒரு சந்தேகம்

நூலகப்பூனை

சென்ற ஞாயிறு எங்கள் குடியிருப்பில் பிள்ளைகளுக்கு வினாடி வினா. "பெர்லின் சுவர் எப்படி விழுந்தது?" என்று கேட்டதற்கு ஒரு பையன் எழுந்து, "ஒரு அமைச்சர் டிவியில் உளறிவிட்டார், அதனால்தான்" என்றான். கைதட்டல், பத்து மதிப்பெண். முதலில் அவர் அமைச்சரே இல்லை. அது போகட்டும். அந்தப் பதிலில் பாதி விஷயம் விட்டுப்போயிருக்கிறது என்று அன்றிலிருந்து மனசு அரிக்கிறது. அதற்குத்தான் இந்த இழை.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1989 நவம்பர் 9, வியாழக்கிழமை. கிழக்கு பெர்லினில் மோரன் தெருவில் இருந்த பன்னாட்டுப் பத்திரிகையாளர் மையம். கிழக்கு ஜெர்மனியின் ஆளும் கம்யூனிஸ்ட் கட்சியின் பொலிட்பீரோ (உச்சக் குழு) உறுப்பினர் குந்தர் ஷபோவ்ஸ்கி மாலை 6 மணிக்கு நிருபர்களைச் சந்திக்கிறார். கூட்டம் முழுக்கக் கொட்டாவி வரவழைக்கும் பேச்சு. முடியப்போகும் நேரத்தில், மணி 6.53 இருக்கும், ரிக்கார்டோ எர்மான் என்ற இத்தாலிய நிருபர் வெளிநாட்டுப் பயணச் சட்டத்தைப் பற்றிக் கேட்கிறார். ஷபோவ்ஸ்கிக்கு அப்போதுதான் ஒரு தாள் நினைவுக்கு வருகிறது. கட்சித் தலைவர் எகோன் கிரென்ஸ் சற்று முன் அவர் கையில் கொடுத்தது. காகிதங்களைத் துழாவி எடுத்து வாசிக்கிறார்: குடிமக்கள் காரணம் எதுவும் காட்டாமல் வெளிநாடு போக விண்ணப்பிக்கலாம், எந்த எல்லைச் சாவடி வழியாகவும் வெளியேறலாம். "எப்போதிலிருந்து?" என்று அரங்கிலிருந்து ஒரு குரல். தாளைப் புரட்டுகிறார், தலையைச் சொறிகிறார். "எனக்குத் தெரிந்தவரை... உடனே, தாமதமில்லாமல்."

இது நேரலையில் போய்க்கொண்டிருந்தது. இரவு 8 மணிக்கு மேற்கு ஜெர்மன் டிவியில் அதுதான் தலைப்புச் செய்தி. கிழக்கில் பெரும்பாலான வீடுகளில் ஓடியது மேற்கு டிவிதான்.

ஆனால் எல்லைச் சாவடியில் முதல் தடுப்புக்கட்டை முழுசாகத் தூக்கப்பட்டது இரவு சுமார் 11.30 மணிக்கு. நடுவில் நாலரை மணி நேரம் இருக்கிறதே, அதை ஏன் யாரும் பேசுவதில்லை?

திருச்சிக்காரன்

அமெரிக்க அதிபர் ரீகன்தான் 1987-லேயே "கோர்பச்சேவ் அவர்களே, இந்தச் சுவரை இடித்துத் தள்ளுங்கள்" என்று சுவர் பக்கத்திலேயே நின்று சொன்னாரே. விதை அங்கே போட்டது.

ரயில்வேகேட்

@திருச்சிக்காரன், 1987 ஜூனில் சொன்னார். அதற்கப்புறம் இரண்டு வருடத்துக்கு மேல் சுவர் அப்படியே நின்றது. 1989 பிப்ரவரியில் கூட சுவரைத் தாண்ட முயன்ற 20 வயதுப் பையன் கிறிஸ் கெஃப்ராயைச் சுட்டுக் கொன்றார்கள். ரீகன் வெளியூரிலிருந்து வந்து பேசிவிட்டுப் போனவர். அந்தக் கணக்கில் 1963-லேயே பெர்லினுக்கு வந்து பேசிய கென்னடியையும் சேர்க்கலாம், சுவர் ஒரு அங்குலம் நகரவில்லை.

கணக்குப்பிள்ளை

முப்பத்திரண்டு வருடம் அரசு அலுவலகத்தில் கோப்பு நகர்த்திய ஆள் நான். இந்தக் கதையில் எனக்குப் பிடித்த பாத்திரம் அந்தத் தாள்தான். யாரும் அதைப் பற்றிப் பேசாததால் நான் பேசுகிறேன்.

அன்று காலை உள்துறை அமைச்சகத்தில் நான்கு அதிகாரிகள் உட்கார்ந்து வரைவு எழுதினார்கள். கடவுச்சீட்டுப் பிரிவின் தலைவர் கெர்ஹார்ட் லவுட்டர் அவர்களில் ஒருவர். மேலிடம் கேட்டது ஒன்றே ஒன்று: நாட்டைவிட்டு நிரந்தரமாகப் போக நினைப்பவர்களுக்கு வழி செய்து எழுதுங்கள். இவர்கள் எழுதும்போது யோசித்தார்கள். ஒரேயடியாகப் போகிறவன் போகலாம், அத்தையைப் பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை திரும்பி வருகிறவன் போகக்கூடாது என்றால் அது என்ன நியாயம்? நல்ல பிள்ளையாக இருப்பவனுக்குத்தானே தண்டனை? அதனால் கேட்காததையும் சேர்த்து எழுதினார்கள், தற்காலிகப் பயணத்துக்கும் அனுமதி என்று. வரைவு மேலே போனது. கிரென்ஸ் மத்தியக் குழுவில் வாசித்தார். தலையாட்டிவிட்டார்கள். இப்படிக் கீழே இருந்து வந்த வரைவு மேலே யாராலும் சரியாகப் படிக்கப்படாமல் கையெழுத்தாகிப் போன கதை எங்கள் அலுவலகத்தில் மட்டும் நாலு சொல்வேன். ஓய்வூதியத்தை நினைத்து விட்டுவிடுகிறேன்.

முக்கியமான இடத்துக்கு வருகிறேன். "உளறினார்" என்று எல்லோரும் சொல்கிறீர்கள். அவர் உளறவில்லை! "உடனடியாக நடைமுறைக்கு வருகிறது" என்பது தாளிலேயே இருந்த வாசகம். நவம்பர் 10-ம் தேதிதான் செய்தியாக வெளியிட வேண்டும் என்பதும் அதே தாளில் தனியாகக் கீழே இருந்தது. அதிகாலை 4 மணிக்கு முன் வெளியே வரக்கூடாது என்பது ஏற்பாடு. காலையில் மக்கள் காவல் நிலையத்துக்குப் போய் வரிசையில் நின்று, படிவம் நிரப்பி, விசா முத்திரை வாங்கி, அப்புறம் ஒழுங்காகப் போவார்கள் என்று நினைத்தார்கள். அந்த மனிதர் மேல்பத்தியை வாசித்தார், கீழ்ப்பத்தியைப் பார்க்கவில்லை. அதற்கு முன் தாளை ஒருமுறையாவது முழுசாகப் படித்திருந்தால் வரலாறு காலை ஷிஃப்டுக்குத் தள்ளிப்போயிருக்கும்.

பச்சைமிளகாய்

ஒரு அடிப்படைச் சந்தேகம், சிரிக்காதீர்கள். சுவர் என்பது கிழக்கு ஜெர்மனிக்கும் மேற்கு ஜெர்மனிக்கும் நடுவில் இருந்ததுதானே?

ரயில்வேகேட்

சிரிக்க ஒன்றுமில்லை, பாதிப்பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். பெர்லின் நகரமே கிழக்கு ஜெர்மனியின் வயிற்றுக்குள் இருந்தது. அதில் மேற்குப் பாதி மட்டும் மேற்கத்திய நாடுகளின் பொறுப்பில், நிலத்தால் சூழப்பட்ட தீவு மாதிரி. கிழக்குக்காரர்கள் அதற்குள் தப்பிப் போகாமல் இருக்கச் சுவர் அந்தத் தீவைச் சுற்றிக் கட்டப்பட்டது, சுமார் 155 கிலோமீட்டர். அதில் 43 கிலோமீட்டர் போல நகரத்தின் நடுவிலேயே ஓடியது. 1961 ஆகஸ்ட் 13, ஞாயிற்றுக்கிழமை விடியும் முன் முள்கம்பி இழுத்தார்கள், அப்புறம் கான்கிரீட். அதற்கு இரண்டு மாதம் முன்புதான் கிழக்கின் தலைவர் உல்பிரிஷ்ட் "சுவர் கட்டும் எண்ணம் யாருக்கும் இல்லை" என்று நிருபர்களிடம் சொல்லியிருந்தார். கேள்வியில் சுவர் என்ற வார்த்தையே இல்லை, இவராக எடுத்துக்கொடுத்தார். அந்த நாட்டுக்கும் நிருபர் கூட்டத்துக்கும் ராசியே இல்லை.

@நூலகப்பூனை, உங்கள் நாலரை மணி நேரத்தில் எனக்கு உடன்பாடில்லை. ஒரே இரவை மட்டும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் பின்னால் இருக்கும் மலை தெரியாது. மே மாதமே ஹங்கேரி ஆஸ்திரிய எல்லையில் இருந்த தன் மின்வேலியைப் பிரிக்க ஆரம்பித்துவிட்டது. ஆகஸ்ட் 19-ம் தேதி சோப்ரோன் பக்கம் ஒரு உல்லாசக் கூட்டம் என்று சொல்லி எல்லைக் கதவைக் கொஞ்ச நேரம் திறந்தார்கள், 600-க்கும் மேற்பட்ட கிழக்கு ஜெர்மானியர்கள் ஆஸ்திரியாவுக்குள் ஓடினார்கள். செப்டம்பர் 11-ல் ஹங்கேரி எல்லையை முழுசாகவே திறந்துவிட்டது. ப்ராகில் மேற்கு ஜெர்மன் தூதரகத் தோட்டத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் சேற்றில் கூடாரம் போட்டுக் கிடந்தார்கள். அக்டோபர் 9-ல் லைப்சிக் நகரில் 70,000 பேர் ஆட்சிக்கு எதிராக மெழுகுவத்தியோடு நடந்தார்கள். அன்று மருத்துவமனைகளில் கூடுதல் ரத்தம் சேர்த்து வைக்கச் சொல்லியிருந்தார்கள். ஜூன் மாதம் பெய்ஜிங்கில் போராடியவர்களை ராணுவம் சுட்டது எல்லோருக்கும் நினைவிருந்தது. ஆனாலும் நடந்தார்கள். சுடவில்லை. ஆட்டம் அங்கேயே முடிந்துவிட்டது. நவம்பர் 9-ல் ஷபோவ்ஸ்கி வாயைத் திறக்காமல் இருந்தாலும் டிசம்பருக்குள் சுவர் போயிருக்கும்.

அப்புறம் சோவியத் தலைவர் கோர்பச்சேவ். 1953-ல் கிழக்கு பெர்லினில் தொழிலாளர்கள் தெருவுக்கு வந்தபோது சோவியத் டாங்கிகள் வந்தன. 1956-ல் புடாபெஸ்ட், 1968-ல் ப்ராக். 1989-ல் கிழக்கு ஜெர்மனியில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட சோவியத் வீரர்கள் இருந்தார்கள். ஒருவரும் முகாமைவிட்டு வெளியே வரவில்லை. நடந்ததைப் பற்றி ஆயிரம் பேர் எழுதுகிறார்கள், நடக்காத இதைத்தான் நான் முதலில் வைப்பேன்.

நூலகப்பூனை

எல்லாம் சரி. நான் மறுக்கவில்லை. ஆனால் "எப்படியும் விழுந்திருக்கும்" என்பதை எந்தப் பேரரசைப் பற்றியும் சொல்லலாம். சுவர் போகவே போகாது என்று நான் சொல்லவில்லை. அன்றிரவு, ரத்தம் சிந்தாமல், அந்த விதத்தில் ஏன் போனது என்பதுதான் கேள்வி. லைப்சிக்கில் சுடவில்லை என்பதற்காக எல்லைச் சாவடியிலும் சுடமாட்டார்கள் என்று அங்கே நின்ற ஒருத்தருக்கும் உத்தரவாதம் கிடையாது.

போர்ன்ஹோல்மர் தெருச் சாவடிக்கு வாருங்கள். ரயில் தண்டவாளங்களுக்கு மேலே ஒரு இரும்புப் பாலம். கிழக்கே குடியிருப்புகள் நிறைந்த பிரென்ஸ்லவர் பெர்க், மேற்கே வெடிங். அங்கே கடவுச்சீட்டுச் சோதனைப் பிரிவில் அன்றிரவு பொறுப்பில் இருந்தவர் ஹரால்ட் யேகர். எல்லைப் படைச் சீருடைதான், ஆனால் ஆள் உளவுத்துறையான ஸ்டாசியின் லெப்டினன்ட் கர்னல். 1961-லிருந்து எல்லையில் வேலை, சுவருக்கும் அவர் உத்தியோகத்துக்கும் ஒரே வயசு. கேன்டீனில் சாப்பிட்டுக்கொண்டே டிவியில் ஷபோவ்ஸ்கியைப் பார்த்தவர், வாயில் போட்டதைத் துப்பாத குறையாகத் திட்டியிருக்கிறார். உடனே மேலதிகாரிக்கு போன். பதில்: உத்தரவு எதுவும் இல்லை, வருகிறவர்களைத் திருப்பி அனுப்பு.

முதலில் பத்திருபது பேர். எட்டரை, ஒன்பது மணிக்கு நூற்றுக்கணக்கில். ட்ராபன்ட் கார்கள் தெரு முழுக்க அடைத்து நின்றன. "கதவைத் திற!" என்று கோஷம். யேகர் திரும்பத் திரும்ப போன் செய்கிறார். ஒரு அழைப்பில் மேலதிகாரி இவரையும் இணைப்பில் வைத்தபடியே தனக்கு மேலே இருப்பவரிடம் பேசுகிறார். அந்த மேலிடத்துக்காரர், நிலைமையை மதிப்பிடும் தகுதி இந்த யேகருக்கு உண்டா, இல்லை பயத்தில் பேசுகிறாரா என்று கேட்டது இவர் காதில் விழுந்துவிட்டது. 28 வருடம் உழைத்தவனைக் கோழை என்கிறான். அந்த நிமிடத்தில் ஏதோ ஒன்று அறுந்தது என்று அவரே பின்னால் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

கணக்குப்பிள்ளை

இதைப் படித்ததும் சிரித்துவிட்டேன். மேலே இருப்பவன் கீழே இருப்பவனைப் போனில் நம்பாமல் பேசுவதால் எத்தனை ராஜ்யம் கவிழ்ந்திருக்கிறதோ. எழுத்து உத்தரவு யாரும் தரமாட்டான், பொறுப்பு மட்டும் உன்னுடையது.

நூலகப்பூனை

இப்போது நான் சொல்ல வந்த இடம். சுமார் 9.20-க்கு மேலிடம் ஒரு தந்திரம் சொன்னது. கூட்டத்தில் அதிகமாகச் சத்தம் போடுபவர்களை மட்டும் வெளியே விடு, அழுத்தம் குறையும். குக்கர் விசில் மாதிரி. ஆனால் அவர்களுடைய அடையாள ஆவணத்தில் முத்திரையைப் புகைப்படத்தின் மேல் குத்திவிடு. அப்படிக் குத்தினால் அவர்கள் திரும்பி வர முடியாது, குடியுரிமை போயிற்று. போகிறவர்களிடம் இதைச் சொல்லவில்லை! முகத்தின் மேல் ஒரு முத்திரை, அவ்வளவுதான். சிரித்துக்கொண்டே பாலத்தைத் தாண்டினார்கள்.

வெளியே நின்ற கூட்டத்துக்கு என்ன தெரிந்தது? சத்தம் போட்டால் விடுகிறார்கள் என்று தெரிந்தது. சத்தம் இரட்டிப்பானது. குக்கர் மூடியே பறக்கும் நிலை.

அப்புறம் கொஞ்ச நேரத்தில் முத்திரை குத்தப்பட்ட சிலர் மேற்குப் பக்கத்திலிருந்து திரும்பி வந்துவிட்டார்கள். சும்மா எட்டிப் பார்த்துவிட்டு வந்தோம், இப்போது வீட்டுக்குப் போக வேண்டும். அதில் ஒரு இளம் தம்பதி. பிள்ளைகள் வீட்டில் தூங்குகிறார்கள். சிப்பாய், "நீங்கள் இனி உள்ளே வர முடியாது" என்கிறான். அந்தப் பெண் அழுகிறாள். யேகரைக் கூப்பிடுகிறார்கள். விதிப்படி அவர் அவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டும். அனுப்பவில்லை. உள்ளே விட்டார்.

நான் இந்த இடத்தைத்தான் திறப்பு என்பேன். தடுப்புக்கட்டை தூக்கப்பட்டது இதற்குப் பிறகுதான். அந்தச் சுவரின் தர்க்கமே "வெளியே போனவன் துரோகி, திரும்பி வரமாட்டான்" என்பது. அதனால்தான் கூட்டம் "நாங்கள் திரும்பி வருவோம்" என்றும் கோஷம் போட்டது. திரும்பி வருகிறவனை என்ன செய்வது என்று அந்த அரசிடம் விதி இல்லை. கணக்குப்பிள்ளை ஐயா சொன்ன அத்தை வீட்டுக் கணக்கும் இதுவேதான் என்று இப்போதுதான் உறைக்கிறது.

ரயில்வேகேட்

முத்திரை விஷயம் எனக்குத் தெரியும், ஆனால் அதை இப்படிப் பார்த்ததில்லை. சரி, பாதி ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் யேகரை வீரராக ஆக்காதீர்கள். 28 வருடம் அந்த எந்திரத்தின் பல்சக்கரமாக இருந்தவர். சுவரில் குறைந்தது 140 பேர் செத்திருக்கிறார்கள். 1962-ல் பேட்டர் ஃபெஷ்டர் என்ற 18 வயதுப் பையன் சுடப்பட்டுச் சுவரடியில் ஒரு மணி நேரம் கத்திக் கத்தி ரத்தம் வடிந்து செத்தான், இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அதற்கெல்லாம் பிறகும் சீருடையைக் கழற்றாதவர் இவர்.

நூலகப்பூனை

வீரர் என்று நான் சொல்லவே இல்லையே. பயந்தார். கூட்டம் தடுப்பை உடைத்தால் நெரிசலில் சாவார்கள், யாராவது காவலனின் துப்பாக்கியைப் பிடுங்கினால் முடிந்தது. கடைசியில் 11.30 வாக்கில் மேலிடத்துக்கு "இனி தாங்க முடியாது, சோதனையை நிறுத்திவிட்டு எல்லோரையும் விடுகிறேன்" என்று சொல்லிவிட்டுத் திறக்கச் சொன்னார். பயந்தவன் சுடாமல் இருந்தான் என்பதுதான் அன்றிரவின் அதிர்ஷ்டம். பயந்தவர்கள்தான் வழக்கமாகச் சுடுவார்கள்.

வேடிக்கை என்னவென்றால், 10.42-க்கே மேற்கு டிவி செய்தியாளர் ஹான்ஸ் யோவாகிம் ஃப்ரீட்ரிக்ஸ் "சுவரின் வாசல்கள் அகலத் திறந்திருக்கின்றன" என்று சொல்லிவிட்டார். அப்போது அகலத் திறக்கவில்லை! அதைப் பார்த்துவிட்டு இன்னும் ஆயிரக்கணக்கானவர்கள் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள், அப்புறம்தான் நிஜமாகவே திறந்தது. செய்தி முந்திக்கொண்டது, நிகழ்ச்சி பின்னால் ஓடி வந்தது.

திருச்சிக்காரன்

பின்னாளில் ஜெர்மன் சான்சலரான மெர்கலும் அந்தப் பாலம் வழியாகத்தான் போனார் என்று எங்கோ படித்தேன், நிஜமா?

நூலகப்பூனை

நிஜம். அப்போது அவர் 35 வயது இயற்பியல் ஆராய்ச்சியாளர். வியாழக்கிழமை என்றால் தோழியோடு நீராவிக் குளியல், அன்றும் போய்விட்டார். முடித்துவிட்டு வெளியே வந்து கூட்டத்தோடு போர்ன்ஹோல்மர் பாலத்தைத் தாண்டினார். மறுநாள் வேலை இருக்கிறது என்று ரொம்ப நேரம் தங்காமல் திரும்பிவிட்டார். இவரும் திரும்பி வந்த கட்சிதான் :)

வடமராட்சியான்

இவ்வளவு நேரம் வாசித்துக்கொண்டிருந்தேன், இனி எழுதாமல் இருக்க ஏலாது. நீங்கள் எல்லாரும் 1989-ல் கதவு திறந்ததைப் பற்றிக் கதைக்கிறீர்கள். எங்கட ஆக்கள் அதுக்கு நாலைந்து வருசம் முன்னமே அந்தச் சுவரைத் தாண்டிவிட்டோம்.

83 கலவரத்துக்குப் பிறகு வெளியேறினவர்களுக்கு அப்போது இருந்த ஒரு வழி இது. கொழும்பிலிருந்து மாஸ்கோ, அங்கிருந்து கிழக்கு பெர்லின் ஷூனஃபெல்ட் விமான நிலையம். நான் 84 கடைசியில் வந்தேன், கையில் ஒரு சின்னப் பை, மெல்லிய சேர்ட், எலும்புக்குள் போகும் குளிர். கிழக்கு அரசு ட்ரான்சிட் விசா தரும். அவர்களுக்கு விமான டிக்கெட்டில் காசு, மேற்குக்குத் தலையிடி, இரண்டும் லாபம். ஃப்ரீட்ரிஷ் தெரு ரயில் நிலையத்துக்குக் கொண்டுபோய் விடுவார்கள். அங்கே எல்லையைத் தாண்டுகிறவர்கள் போகிற கண்ணாடி மண்டபம் ஒன்று இருந்தது. ஜெர்மன்காரர் அதைக் கண்ணீர் மாளிகை என்பார்கள், மேற்குக்குத் திரும்பிப் போகிற சொந்தங்களை அழுது வழியனுப்புகிற இடம். நாங்கள் அதுக்குள்ளால் போய் நகர ரயிலில் ஏறினோம். சில நிமிசம், மேற்கு பெர்லின்.

இறங்கின இடத்தில் ஒருத்தரும் பாஸ்போர்ட் கேட்கவில்லை. ஏன் என்று பிறகுதான் விளங்கியது. மேற்கு ஜெர்மனி அந்தச் சுவரை ஒரு நாட்டு எல்லை என்றே ஒத்துக்கொள்ளவில்லை. சோதனைச்சாவடி போட்டால் ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அந்தக் கொள்கையின் இடுக்குக்குள்ளால் புகுந்து வந்த ஆக்கள் நாங்கள். 85 நடுப்பகுதியில் கிழக்கு அரசு தமிழருக்கு அந்த வழியை மூடியது, 86-ல் மற்ற நாட்டு ஆக்களுக்கும் மூடினது.

பச்சைமிளகாய்

அய்யோ. இது எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லையே! அதே ரயில் நிலையத்தில் ஜெர்மானியர்களைப் போகவிடாமல், உங்களை மட்டும் வழியனுப்பி வைத்தார்களா?

வடமராட்சியான்

ஓம். எங்களைத் தள்ளிவிட்டார்கள் என்றுதான் சொல்ல வேணும். சோதித்த பெடியன் எனக்கு வயசொத்தவன். என்னுடைய பாஸ்போர்ட்டைப் பார்த்து, என்னைப் பார்த்து, முத்திரை குத்தினான். அவனால் அந்த ரயிலில் ஏற ஏலாது என்பது அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் முகத்தை வடிவாகப் பார்த்திருப்பேன்.

கணக்குப்பிள்ளை

ஐயா, அந்த நவம்பர் இரவு நீங்கள் எங்கே இருந்தீர்கள்?

வடமராட்சியான்

வெடிங்கில். உங்கள் போர்ன்ஹோல்மர் பாலத்தின் மேற்குப் பக்கம், நடந்து போகிற தூரத்தில் ஒரு பிட்சாக் கடை. குசினியில் கோப்பை கழுவுகிற வேலை எனக்கு. இரவு கடை பூட்டுகிற நேரம், முதலாளி காசு எண்ணிக்கொண்டு நிற்கிறார். திடீரென்று தெருவில் சத்தம். முதலில் ஏதோ அடிபிடி என்றுதான் நினைத்தேன், சத்தம் என்றால் எங்களுக்கு முதல் வருவது அந்த நினைப்புத்தான். யன்னலால் பார்த்தால் சின்னச் சின்னக் கார்கள், புகையைக் கக்கிக்கொண்டு, ஆக்கள் கூரையில் தட்டித் தட்டி வரவேற்கிறார்கள்.

கடைக்குள் ஆக்கள் வரத் தொடங்கினார்கள். அவர்களிடம் இருந்தது கிழக்குக் காசு, இங்கே செல்லாது. முதலாளி முதல் பத்துப் பேருக்குச் சும்மா பியர் குடுத்தார். பிறகு கணக்கு விட்டுப்போய்விட்டது. ஒரு வயசான மனுசன் ஒன்றும் கேட்கவில்லை. மேசையில் இருந்த மெனுக் கார்டைக் காட்டி, எடுக்கலாமா என்று கேட்டார். ஏன் என்று கேட்டேன், என்னுடைய அரைகுறை ஜெர்மனில். "வீட்டில் மனுசி நித்திரை. இங்கே வந்துவிட்டுப் போனேன் என்றால் நம்பமாட்டாள்" என்றார். குடுத்தேன். அதைப் பார்த்துப் பக்கத்தில் நின்றவர்களும் ஆளுக்கொன்று எடுத்தார்கள்.

அடுத்த நாள் மத்தியானம் கடை திறந்தால் ஒரு மெனுக் கார்டும் இல்லை. முதலாளி என்னைத்தான் பேசினார்.